ஸ்டெதாஸ்கோப்பின் இரண்டு முகங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவரின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பை அறியாதவர் இல்லை. ஆனால் நெஞ்சில் வைக்கப்படும் அதன் முனைக்குப் பெரும்பாலும் இரண்டு முகங்கள் உண்டு என்பதையும், அவை வெவ்வேறு வகை ஒலிகளைக் கேட்பதற்காக அமைந்தவை என்பதையும் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஸ்டெதாஸ்கோப்பின் வகைகளை விலையையோ நிறத்தையோ கொண்டு பிரிப்பதைவிட, எந்த ஒலியைக் கேட்க எது உதவுகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

1816ஆம் ஆண்டு பாரிசிலுள்ள நெக்கர் மருத்துவமனையில் இதயநோய் அறிகுறிகளோடு வந்த ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்பது முறையாகாது என்று தயங்கிய மருத்துவர் ரெனே லென்னெக், தாள்களை இறுகச் சுருட்டி ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். காதை நேராக வைத்துக் கேட்பதைவிடத் துடிப்பு தெளிவாகக் கேட்டது. பின்னர் அவர் ஏறத்தாழ ஓரடி நீளத்தில் மரக்குழலாகவே அதைக் கடைந்தெடுத்தார். புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்தவர் என்பதால் குழலின் இயல்பு அவருக்குப் புதிதல்ல. அது ஒற்றைக் காதால் கேட்கும் கருவி. இரு காதுகளாலும் கேட்கத்தக்க, நடைமுறைக்கு ஏற்ற வடிவத்தை 1852இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கம்மன் உருவாக்கினார்.

இனி அந்த இரண்டு முகங்களுக்கு வருவோம். தட்டையாக, மெல்லிய தகடு பொருத்தப்பட்டிருப்பது டயாஃபிரம்; இதை அழுத்தி வைத்தால் உச்சமான சுருதி கொண்ட ஒலிகள் நன்கு கேட்கும். இதய வால்வுகள் மூடும்போது எழும் 'லப் டப்' ஓசை, மூச்சு சென்றுவரும் ஒலி, ஆஸ்துமாவில் எழும் விசில் போன்ற இழுப்பு ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. சிறு கிண்ணம்போல் குழிந்திருக்கும் மற்றொரு முகத்தை 'பெல்' என்கிறோம். தாழ்ந்த சுருதி கொண்ட ஒலிகள் இதன்வழியேதான் நன்றாக வரும். ஆனால் தோலின்மீது பட்டும் படாமலும் வைக்க வேண்டும். அழுத்தினால் அடியிலுள்ள தோலே விறைத்து டயாஃபிரம்போல் செயல்பட்டு, கேட்க விரும்பிய ஒலியை மறைத்துவிடும்.

இளம் மருத்துவர்களிடம் நான் வலியுறுத்த விரும்புவது இந்தப் பெல்லைத்தான், ஏனெனில் அவசரப் பரிசோதனையில் அது பெரும்பாலும் பயன்படுத்தப்படுவதே இல்லை. சிறுவயதில் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடக் கூடும். நம் நாட்டில் இந்நோய் இன்னும் மறைந்துவிடவில்லை. சுருங்கிய வால்வின் வழியே இரத்தம் நெருக்கிப் பாயும்போது தாழ்ந்த உறுமல் ஒன்று எழுகிறது. நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, இதயத்தின் நுனித் துடிப்பு தெரியும் இடத்தில் பெல்லை மென்மையாக வைத்து, சுற்றிலும் அமைதி நிலவச் செய்தால்தான் அதைப் பிடிக்க முடியும். டயாஃபிரத்தை மட்டும் வைத்துவிட்டு நகர்பவருக்கு அது தப்பிப் போகலாம். இப்போது ஒரே முகத்தை மெல்ல வைத்தால் தாழ்ந்த ஒலியும், அழுத்தினால் உச்ச ஒலியும் கேட்கும்படி அமைத்த கருவிகளும் வந்துள்ளன. அவற்றிலும் விரலின் அழுத்தத்தை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

குழந்தைகளுக்குச் சிறிய முனை வேண்டும், பெரிய முனை அவர்களின் சின்னஞ்சிறு மார்பில் இதயத்தையும் நுரையீரலையும் ஒருசேர மூடிவிடும். கருவிலிருக்கும் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்க, 1895இல் பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் அடோல்ஃப் பினார்ட் வடிவமைத்த ஊதுகொம்பு போன்ற குழலைத் தாயின் வயிற்றில் வைத்துக் காதால் கேட்பார்கள். வழக்கமாக நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும் அத்துடிப்பை, மின்சாரமோ பேட்டரியோ இல்லாமல் எண்ணிவிடலாம். ஆகவே அது பழையது என்று ஒதுக்கத்தக்கதல்ல. அறுவை அரங்கில், மயக்கத்தில் இருப்பவரின் உணவுக்குழாய்க்குள் செலுத்தி இதய ஒலியையும் மூச்சொலியையும் தொடர்ந்து கேட்கும் வகையும் உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கும்போது முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறோமே, அந்த முறையை 1905இல் ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரொட்காஃப் வெளியிட்டார்.

மின்னணு ஸ்டெதாஸ்கோப் ஒலியைப் பெருக்கித் தருகிறது. சில வகைகள் பதிவுசெய்து தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பவும் உதவுகின்றன. செவித்திறன் குறைந்த மருத்துவர்களுக்கு இது பெரும் துணை. எனினும் சட்டை உரசும் ஓசையையும் அது சேர்த்தே பெருக்கக் கூடும். எந்த வகை ஸ்டெதாஸ்கோப்பாக இருந்தாலும் துணிக்கு மேல் வைத்துக் கேட்பது சரியான பரிசோதனை ஆகாது. ஆகவே மருத்துவர் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னாலோ, சற்று நேரம் பேசாதிருக்கச் சொன்னாலோ நேயர்கள் அதற்கு ஒத்துழையுங்கள். ஒரு நோயாளியைத் தொட்ட முனை அடுத்தவரைத் தொடுமுன் ஸ்பிரிட்டால் துடைக்கப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்பதிலும் தவறொன்றும் இல்லை.

வணக்கம்.