கழிப்பறை விளக்கும் ஷப்பாத் விருந்தும்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

ஜெருசலேமில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த முதல் குளிர்காலத்தில், பாயித் வெகன் பகுதியில் வசித்த ஒரு குடும்பத்தார் யூதர்களின் வார ஓய்வு நாளான ஷப்பாத்துக்குத் தங்களோடு வந்து தங்கும்படி என்னை அழைத்தார்கள். அப்பா, அம்மா, ஏழு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் கழிப்பறைக்குப் போய்விட்டு வெளியே வந்தேன். கை தானாகச் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்தது. யார் வீட்டுக்குப் போனாலும் மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட கை அது.

கூடத்தில் பாட்டு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து நாலு வயதுக் குழந்தை கழிப்பறைக்குப் போக எழுந்தாள். அவளுடைய அக்கா கூடவே போனாள். கதவை ஒரு சாண் அளவு திறந்து வைத்து, நடைவழி விளக்கின் வெளிச்சம் உள்ளே விழும்படி செய்து, முதுகைத் திருப்பிக்கொண்டு காவல் நின்றாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அன்று இரவு முழுவதும் அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் போய்வந்தார்கள்.

இன்று நம் பிள்ளைகள் பலர் படிப்புக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் இஸ்ரேலுக்குப் போகிறார்கள். போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே, கூடப் படிப்பவரோ பேராசிரியரோ, "இந்த ஷப்பாத்துக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்களேன்" என்று கூப்பிடுவார். யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவரருகே வெள்ளி மாலை சும்மா நின்றுகொண்டிருக்கும் வெளியூர் இளைஞர்களைக்கூடச் சாப்பிட அழைத்துப் போகிறவர்கள் உண்டு. அப்படி அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள். போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வெள்ளி மாலை சூரியன் மறையச் சற்று முன்பு தொடங்கி, சனி இரவு வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும் வரை ஷப்பாத். ஏறத்தாழ 25 மணி நேரம். அந்த நேரத்தில் செய்யக் கூடாத வேலைகளை மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு 39 வகையாகப் பிரித்துச் சொல்கிறது. உழுதல், விதைத்தல், தைத்தல், கிழித்தல், எழுதுதல், எழுதியதை அழித்தல், நெருப்பு மூட்டுதல், அணைத்தல் என்று போகும் அந்த வரிசை. கட்டுப்பாட்டோடு வாழும் வீடுகளில் மின்சார சுவிட்சையும் தொடமாட்டார்கள். எரிகிற விளக்கு எரியும், அணைந்தது அணைந்தே கிடக்கும். சில விளக்குகளுக்கு மட்டும் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த கருவி இருக்கும். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியக் கூடாது என்று அந்த பல்பைக்கூட முன்பே கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழிப்பறைக் காகிதத்தைக் கிழிப்பதும் கூடாதென்பதால், கிழித்து அடுக்கிய காகிதம் ஒரு பெட்டியில் இருக்கும்.

இதையெல்லாம் பார்த்ததும் நல்ல பிள்ளைகளுக்கு ஒரு யோசனை வரும். "நான் யூதன் இல்லையே, எனக்கு இந்த விதி கிடையாதே, உங்களுக்காக நான் போடட்டுமா?" தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். யூதர் அல்லாதவரை ஏவி வேலை வாங்குவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. நீங்கள் கேட்டால் அவர்கள் "ஆம்" என்றும் சொல்ல முடியாது, "வேண்டாம்" என்று சொல்லி உங்கள் அன்பை மறுக்கவும் மனம் வராது. நம் வீடுகளில் நல்ல விருந்தாளி என்றால் எழுந்து தட்டெடுத்து வைப்பார், ஓடி ஓடி உதவுவார். ஷப்பாத் வீட்டில் உங்கள் கைகள் சும்மா இருப்பதுதான் உதவி. எனக்கு இதைப் பழகத்தான் மிகவும் கடினமாக இருந்தது.

உதவ வேண்டுமென்றால் வெள்ளி மதியம் உதவுங்கள். அதற்கு நேரத்தோடு போக வேண்டும். ஜெருசலேமில் சூரியன் மறைய 40 நிமிடங்களுக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம்; ஊர் முழுக்கச் சைரன் ஒலிக்கும். டிசம்பரில் அது மாலை 4 மணி வாக்கிலேயே வந்துவிடும். ஜூனில் 7 மணி தாண்டும். பஸ்களும் டிராமும் அதற்கு முன்பே நின்றுவிடும். மஹனே யெஹூதா சந்தையில் அந்த மதியம் கால் வைக்க இடம் இருக்காது, ஆகவே கடைசி நேரத்தில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மதியம் 2 மணிக்கே போய்விட்டால் காய் நறுக்கலாம், குழந்தைகளுக்குக் காலணி துடைத்துக் கொடுக்கலாம், குளித்து உடை மாற்றிக்கொள்ளலாம். சைரனுக்குப் பிறகு வந்து அழைப்பு மணியை அழுத்துகிற விருந்தாளி, அந்த வீட்டின் ஓய்வைத் தன் விரலால் கலைக்கிறார். தாமதமாகிவிட்டால் கதவை மெல்லத் தட்டுங்கள்.

வீட்டில் சமைத்த பலகாரம் எடுத்துப் போகாதீர்கள். நம் அம்மா செய்த முறுக்காகவே இருந்தாலும், கோஷர் என்னும் யூத உணவு விதிக்கு உட்படாத பாத்திரத்தில் செய்ததை அவர்களால் சாப்பிட முடியாது. அதை உங்களிடம் சொல்லவும் சங்கடப்படுவார்கள். கோஷர் முத்திரையுள்ள, பிரிக்காத இனிப்புப் பெட்டி நல்லது. பூக்கள் இன்னும் நல்லது, ஆனால் வெள்ளி மதியமே கொடுத்துவிடுங்கள். ஷப்பாத் தொடங்கியபின் பூங்கொத்தை நீரில் வைப்பதிலும் சிக்கல் உண்டு.

கை குலுக்கும் விஷயம். பல வீடுகளில் ஆண்கள் அயல் பெண்களின் கையையோ, பெண்கள் அயல் ஆண்களின் கையையோ தொடமாட்டார்கள். அவர்களாகக் கை நீட்டாதவரை நீங்கள் நீட்ட வேண்டாம். கைகூப்பி வணங்குங்கள். நான் போன எல்லா வீடுகளிலும் அதை அவ்வளவு மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். உடை, தோளும் முழங்காலும் மூடும்படி இருக்கட்டும். கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். அறைக்குள் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தடையில்லைதான். ஆனால் கதவுக்கு வெளியே மூன்று குழந்தைகள் நிற்கும் வீட்டில் அந்த நீல வெளிச்சம் வேண்டாம் என்பது என் கருத்து.

இனி அந்த மாலைக்கு வருகிறேன். வீட்டம்மா மெழுகுவர்த்திகளை ஏற்றினார். சுடருக்கு மேலே இரு கைகளையும் மூன்று முறை தன்னை நோக்கி அணைத்தார், பிறகு அதே கைகளால் கண்களை மூடிக்கொண்டு வாய்க்குள் எதையோ சொன்னார். தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் என் பாட்டியை அப்போது நினைத்துக்கொண்டேன். வீட்டம்மா கையை எடுத்தபோது கண்கள் நனைந்திருந்தன. அந்த நேரத்தில் பேசாமல் நில்லுங்கள், படம் எடுக்கும் எண்ணமே வேண்டாம்.

மேசையில் முதலில் வானதூதர்களை வரவேற்கும் பாட்டு. பிள்ளைகள் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துப் பெற்றோர் ஆசி கூறுவார்கள். பிறகு திராட்சை மதுக் கிண்ணத்தை ஏந்திக் கிட்டூஷ் என்னும் மந்திரம். அவர்கள் நின்றால் நீங்களும் நில்லுங்கள். மதுப் புட்டியை மட்டும் நீங்கள் எடுத்து யாருக்கும் ஊற்றாதீர்கள். யூதர் அல்லாதவர் கையாண்ட மதுவை அருந்துவதில்லை என்ற பழைய விதி உண்டு. கொதிக்கவைத்த திராட்சை மதுவுக்கு அது பொருந்தாது. நம் ஊர்க் காதுக்கு இது சுருக்கென்று தைக்கும். தீண்டாமையின் கொடுமை தெரிந்த நமக்குத் தைக்கத்தான் செய்யும், எனக்கும் தைத்தது. அந்நிய தெய்வங்களுக்கு மதுவைப் படைத்த காலத்தில் எழுந்த தடை இது என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். எனக்குத் தங்கள் மகளின் கட்டிலைக் கொடுத்து, அவளைத் தரையில் படுக்கவைத்த வீடு அது. என் தட்டில் உணவு குறையக் குறையப் போட்ட வீடு. அதை வைத்துத்தான் நான் அவர்களை எடைபோட்டேன்.

கிட்டூஷ் முடிந்ததும் எல்லாரும் எழுந்து போய், இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் கை கழுவுவார்கள். இங்கே கவனம் தேவை. கை கழுவியதிலிருந்து ரொட்டியைப் பிட்டு வாயில் போடும் வரை பேசமாட்டார்கள். நான் இது தெரியாமல் அந்த வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்டேன். அவர் புன்னகைத்து, விரலால் ரொட்டியைக் காட்டினார். துணி போட்டு மூடிய இரண்டு ஹல்லா ரொட்டிகள் இருக்கும். பாலைவனத்தில் வெள்ளிக்கிழமை தோறும் மன்னா என்னும் வானத்து உணவு இரட்டிப்பாகப் பொழிந்ததாக விவிலியத்தின் யாத்திராகமத்தில் வருகிறதே, அதன் நினைவாக இரண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அழைப்பை ஏற்கும்போதே, நாள்கள் இருக்கையிலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளி மதியத்துக்குப் பிறகு புதிதாக எதையும் சமைக்க முடியாது. சனி மதியச் சாப்பாட்டில் ஹமீன் என்று, முதல் நாளே அடுப்பேற்றி இரவெல்லாம் சூட்டில் கிடந்த பயறும் பார்லியும் இறைச்சியும் சேர்ந்த ஒன்று வரும். இறைச்சி சாப்பிட்டபின் பால் கலந்த காபி கேட்காதீர்கள். பாலையும் இறைச்சியையும் சேர்க்கமாட்டார்கள்; இடையில் ஆறு மணி நேரம் விடும் வீடுகள் பல. பாத்திரங்களும் கழுவும் தொட்டியும்கூட இரண்டிரண்டு. எதை எங்கே வைப்பது என்று கேட்காமல் ஒரு கரண்டியைக்கூடத் தொட்டியில் போட வேண்டாம்.

கேள்வி கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேளுங்கள். கேள்வி கேட்கிற விருந்தாளியை அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் வீட்டில் பண்டிகை எப்படி, உங்கள் ஊரில் என்ன சமைப்பீர்கள் என்று அவர்களும் விடாமல் கேட்பார்கள். பாட்டுத் தெரியாவிட்டால் மேசையில் தாளம் போடுங்கள். நான் ஒரு தாலாட்டுப் பாடினேன். அடுத்த முறை போனபோது அந்த நாலு வயதுக் குழந்தை அதில் பாதியை என்னிடமே திருப்பிப் பாடினாள்.

சனி இரவு, ஷப்பாத்தை முடித்துவைக்கும் ஹவ்தலா சடங்கு நடந்தது. பின்னல் போட்ட மெழுகுவர்த்தியின் தழலுக்கு எதிரே எல்லாரும் விரல் நகங்களை நீட்டிப் பார்த்தார்கள். கிராம்புப் பெட்டி கைமாறிக் கைமாறி வந்தது. கடைசியில் தழலைச் சிந்திய மதுவில் அமிழ்த்தி அணைத்தார்கள். உடனே வீட்டம்மா நேராகப் போய்க் கழிப்பறை விளக்கைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ அணைத்ததை எல்லாரும் பார்த்தோம். உன்னிடம் சொன்னால் உன்னைப் போடச் சொன்னது போலாகும். அதனால்தான் பேசவில்லை. நேற்று இரவு முழுவதும் நீ மனம் நொந்திருப்பாயே என்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றார். யூதர் அல்லாத ஒருவர் தன் தேவைக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தை மற்றவர்களும் பயன்படுத்தலாம், அவர்களுக்காக ஏற்றினால் கூடாது என்று மிஷ்னாவில் இருப்பதையும் அப்போது சொன்னார். இரவில் நான் எனக்காக அந்த சுவிட்சைத் தட்டியிருந்தால் போதும், வீட்டுக்கே வெளிச்சம் வந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை, இரண்டாம் தவறும் செய்துவிடுவேனோ என்று பயந்து, நானும் எல்லாரையும் போல இருட்டிலேயே போய்வந்தேன்.

மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூது என்ற பெருநூலில் பென் சோமா என்ற அறிஞர் விருந்தாளிகள் இரண்டு வகை என்கிறார். நல்ல விருந்தாளி, "எவ்வளவு இறைச்சி, எவ்வளவு மது, எவ்வளவு ரொட்டி! இத்தனை பாடும் எனக்காகத்தானே பட்டார்கள்" என்பான். மற்றவன், "ஒரு துண்டு ரொட்டி தின்றேன், ஒரு கிண்ணம் குடித்தேன். பட்ட பாடெல்லாம் தன் பெண்டாட்டி பிள்ளைகளுக்காகத்தானே பட்டான்" என்பான். அந்த வீட்டம்மா வியாழன் இரவே சமையலைத் தொடங்கிவிட்டதை நான் அறிவேன். நன்றியை வாய்விட்டு, நடந்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இன்னது சுவையாக இருந்தது, இன்ன பாட்டு பிடித்தது என்று.

ஆனால் அதை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். அதே தல்மூதில் இன்னோர் இடத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: நன்றாக உபசரிக்கப்பட்ட விருந்தாளி மறுநாள் சந்தையில் நின்று அந்த வீட்டுக்காரரை உரக்க வாழ்த்தினால், கேட்டவர்கள் எல்லாரும் அவர் வீட்டில் போய் நெருக்குவார்கள். இன்று சந்தை நம் கையில் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகத்தையும் முகவரியையும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

நான் ஊர் திரும்பிப் பல ஆண்டுகளாகிவிட்டன. இன்றும் வெள்ளிக்கிழமைகளில் நம் நேரம் மாலை 4 மணி வாக்கில் அந்த வீட்டம்மாவை அழைத்து "ஷப்பாத் ஷாலோம்" சொல்கிறேன். அங்கே அப்போது நண்பகல் தாண்டியிருக்கும். பேச்சின் பின்னால் கத்தி பலகையில் தட்டும் சத்தம் கேட்கும். இந்த வாரம் யார் விருந்தாளி என்று கேட்பேன். நறுக்கிக்கொண்டே சொல்வார். சைரனுக்கு நேரமிருக்கும்போதே பேச்சை முடித்துக்கொள்வேன். அவருக்கு இன்னும் அடுப்பில் வேலை இருக்கும்.