ஒரே ஒரு மாத்திரைதானா என்று கேட்டவர்களுக்கு

வணக்கம் மக்களே. எனக்கு வயிற்றில் உருளைப்புழு என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? அதற்குக் கீழே பாதிப் பேர் "இனிப்பைக் குறையுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இனிப்பு தின்பதால் பூச்சி வராது! முட்டை வாய்க்குள் போனால்தான் வரும். மண் பட்ட கை, சரியாகக் கழுவாத காய்கறி, இப்படித்தான் போகிறது. இன்னொருவர், என்னோடு சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டிருந்தார். ஒட்டாது. மலத்தோடு வெளியே வரும் முட்டை சில வாரங்கள் மண்ணில் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும்.

உள்ளே போனதும் அது செய்கிற வேலையைக் கேளுங்கள். சிறுகுடலில் முட்டை பொரிகிறது. புழுக்குஞ்சு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகிறது. அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறுகிறது. நாமே அதை விழுங்கி, மறுபடி குடலுக்கு அனுப்பி வைக்கிறோம்! ஜப்பானில் கோய்னோ என்ற மருத்துவர் 1922இல் தானே 2,000 முட்டைகளை விழுங்கி, பிறகு தன் சளியிலேயே புழுக்குஞ்சுகளைக் கண்டுபிடித்தார். எனக்கு இவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

சரி, பரிசோதனை. மலத்தில் முட்டை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதற்கு ஒரு டப்பா கொடுத்தார்களே, அதை வடிவமைத்தவரை நான் சந்திக்க வேண்டும். மூடியைத் திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கழன்று வரவில்லை. துணியால் பிடித்தேன், வெந்நீரில் காட்டினேன், கடைசியில் பல்லால்... வேண்டாம், விடுங்கள். காலி டப்பாதான், பயப்படாதீர்கள். திறந்தபோது தனியாக நின்று கை தட்டினேன்.

மருந்து அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. புழு குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் பட்டினியில் சாகும். ஒன்று எப்படிப் போதும் என்றால், இந்தப் புழு நம் உடம்புக்குள் பெருகாது. ஒரு பெண் புழு நாளுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும், ஆனால் அவை வெளியே போய்விடும். விழுங்கிய முட்டை எத்தனையோ, புழுவும் அதிகபட்சம் அத்தனைதான். ஆனால் நுரையீரலில் சுற்றிக்கொண்டிருக்கும் குஞ்சை இந்த மாத்திரை சரியாகத் தொடாது. அது வளர்ந்து முட்டையிட 2, 3 மாதம் ஆகும். அதனால்தான் எனக்கு 3 மாதம் கழித்து இன்னொரு பரிசோதனை. மறுபடி அந்த டப்பா!

ஐயோ, ஆபத்தைச் சொல்லாமல் விட்டேனே. பெண் புழு 30 சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். நிறையச் சேர்ந்தால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, குடலையே அடைத்துவிடும். கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிறு உப்பல் என்றால் மாத்திரை தேடாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அப்புறம், கர்ப்பத்தின் முதல் 3 மாதங்களில் இந்த மருந்தைத் தவிர்ப்பார்கள். 1 வயதிலிருந்து 2 வயதுக்குள் என்றால் அளவு பாதிதான், அதையும் மருத்துவர் சொல்லட்டும். குழந்தைக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.