ஒரே குழாயில் பாடியவரை இரண்டாகப் பிரிக்காதீர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'பழைய டெனர் பாடகர்களின் இசைத்தட்டுகளை ஸ்டீரியோவாக்குவது கலைக்கு வாழ்வா, கேடா?' இதுதான் தலைப்பு. டெனர் என்றால் மேலைநாட்டு இசையில் உச்சத்தில் பாடும் ஆண்குரல். ஒரே ஒலியாகப் பதிந்த மோனோவை இரண்டு காதுக்கும் வேறு வேறாகப் பிரிப்பதுதான் ஸ்டீரியோவாக்குவது. கேடு என்று சொல்ல வந்திருக்கிறேன். "காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்கும் பிள்ளைகளுக்கு மோனோ சப்பென்று இருக்கிறது, ஸ்டீரியோவாக்கினால்தான் கருசோவைக் கேட்பார்கள்" என்றார் எதிரணித் தோழி. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தட்டு எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டாமா?

1902 ஏப்ரல், மிலான் நகரில் ஒரு ஹோட்டல் அறை. இத்தாலிய டெனர் என்ரிகோ கருசோவுக்கு வயது 29. பத்துப் பாட்டுக்கு 100 பவுண்டு. மைக் கிடையாது. மைக் வைத்துப் பதிவது 1925இல்தான் வந்தது. அவரோ 1921லேயே போய்விட்டார். எதிரே ஒரு உலோகக் குழாய். அதன் வாய்க்குள் பாட வேண்டும். குரலின் அதிர்வே மறுமுனையில் ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கீறும். உச்சத்தில் பாடும்போது பாடகர் பின்னால் நகர வேண்டும், தணிந்து பாடும்போது நெருங்கி வர வேண்டும். இல்லையென்றால் பதிவு பாழ். இன்று பொறியாளர் விரலால் செய்வதை அன்று பாடகர் தன் காலால் செய்தார், ஐயா! அந்த நெருக்கமும் விலகலும் பாட்டோடு சேர்ந்தே பதிந்திருக்கின்றன. ஸ்டீரியோவுக்காக எதிரொலி சேர்க்கிறார்களே, முதலில் அழிவது அதுதான்.

வாத்தியங்களும் அப்படித்தான். சாதாரண வயலின் ஒலி குழாய்க்கு எட்டாது என்று, குழல் பொருத்திய ஸ்ட்ரோ வயலினை வாசித்தார்கள். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் இருக்க வேண்டிய இடத்தில் டியூபா என்ற பித்தளை வாத்தியத்தை ஊதினார்கள். குழாயைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்த அந்தச் சிலரை இடம் வலமாகப் பரப்பிவைத்தால், அப்படி ஒரு அரங்கம் என்றைக்கு இருந்தது?

என் காதால் கேட்டதைச் சொல்கிறேன். 'மறைவாய் ஒரு துளிக் கண்ணீர்' என்று பொருள்படும் 'ஊனா ஃபுர்திவா லாக்ரிமா', தோனிசெத்தியின் இசை நாடகப் பாட்டு. அதை 1904இல் பியானோவோடு பாடிப் பதிந்தார் கருசோ. அதன் போலி ஸ்டீரியோ ஒன்று என் கைக்கு வந்தது. 1960களில் பல கம்பெனிகள் செய்ததைப் போல, கீழ் ஒலிகளை ஒரு பக்கமும் மேல் ஒலிகளை மறுபக்கமும் ஒதுக்கியிருந்தார்கள். முடிவில் பியானோ நின்றுவிடும். அவர் மட்டும் தனியாக, ஒரே மூச்சில் இழைப்பார். மனம் உருகும் இடம். அங்கே குரல் மேலே ஏற ஏற, இடக்காதிலிருந்து வலக்காதுக்கு நகர்ந்து போனது! அழுகிறவன் அறைக்குள் நடந்துகொண்டா அழுவான்?

இன்னொரு கூத்து. 1932லேயே விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனி அவருடைய பழைய பதிவுகளின் மேல் புதிய ஆர்கெஸ்ட்ராவை வாசிக்கவைத்து வெளியிட்டது. அன்று உடன் வாசித்தவர்கள் கருசோவின் மூச்சுக்குக் காத்திருந்தார்கள், கருசோ அவர்களுக்கு இடம் விட்டார். புதிய ஆர்கெஸ்ட்ராவோ போனவர் குரலைத் துரத்திக்கொண்டு ஓட மட்டுமே முடியும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அப்படியானால் கரகரப்போடுதான் கேட்க வேண்டுமா என்பீர்கள். இல்லை, சுத்தம் செய்யுங்கள். 1976இல் தாமஸ் ஸ்டாக்ஹாம் என்ற அமெரிக்கப் பொறியாளர் கணினியை வைத்து அந்தக் குழாயின் அதிர்வைக் கருசோவின் குரலிலிருந்து கழித்தார். ஒட்டியிருந்ததை எடுத்த அந்த வேலையைக் கைகூப்பி ஏற்கிறேன். வேகத்தையும் சரிபாருங்கள். அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிந்தவை என்று சொல்ல முடியாது. 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறிவிடும், கருசோவின் கனத்த குரல் வேறு யாருடையதோ போல ஒல்லியாகிவிடும். சரியான சுற்றைக் கண்டுபிடிக்கப் பாடுபடுகிறவர்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கருசோவைக் கொடுக்கிறார்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது. தீர்ப்புக்கு முன் அந்த 1904 பதிவை மோனோவிலேயே ஒரு முறை கேளுங்கள். பியானோ நிற்கும் இடம் வரை போதும்.