வலியே இல்லாத குழிக்குக் கத்தி எதுக்கு?

வணக்கம் மக்களே! கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல இருந்துதான் பேசுறேன். போன வீடியோக்கு அப்புறம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. பிலோனிடல் சைனஸ், அதாவது பின்பக்கப் பிளவுல முடி குத்தி வர்ற குழியைப் பத்தித்தான். "வால் எலும்புக்கு நேரா, நடுப்பிளவுல சின்னக் குழி. வலி இல்ல, சீழ் இல்ல. வெட்டி எடுத்துடச் சொல்றாங்க, எடுத்துடட்டுமா?" கேட்டாலே கோவம் வருது எனக்கு. வேணாம்!

"உள்ளுக்குள்ள அழற்சி இருக்கு"ன்னு பயமுறுத்துறாங்க. இருக்கு, பொய் இல்ல. வலி எதுவும் இல்லாதப்பவே வெட்டி எடுத்த பிலோனிடல் சைனஸை மைக்ராஸ்கோப்புல பாத்தா நாள்பட்ட அழற்சி தெரியும், பலதுல முடித்துண்டும் கிடக்கும். ஆனா ஜெர்மன் ராணுவத்துக்காரங்ககிட்ட ஆய்வு பண்ணிப் பாத்ததுல, முன்கூட்டியே வெட்டுனதால லாபம் எதுவும் தெரியல. புண்ணுதான் மிச்சம்! அகலமா வெட்டித் திறந்து விட்டா ஆற வாரக்கணக்காகும், சிலருக்கு மாசக்கணக்கு. நடுக்கோட்டுலயே தையல் போடுறது எனக்குச் சுத்தமா பிடிக்காது. அங்க ஈரம், உரசல், முடி எல்லாம் சேரும், திரும்ப வரும். தொந்தரவு வந்தப்புறம் செய்றதா இருந்தா, குழியை மட்டும் சின்னதா எடுக்கலாமான்னு கேளுங்க. பெருசா இருந்தா கரிடாக்கிஸ், பாஸ்கம், லிம்பர்க்னு ஆபரேஷன் முறைங்க இருக்கு. மூணுமே தையலை நடுவுல இருந்து ஒதுக்கிடும்.

அதுவரைக்கும் முடிதான் எதிரி. முடி வெட்டுனா கூரான துண்டு முதுகு வழியா இறங்கி அந்தப் பிளவுல குத்தும். பார்பர் கடையில இருந்து நேரா வீட்டுக்குப் போய்க் குளிங்க, சட்டையை மாத்துங்க. ரைடர் தம்பிங்களா, உங்களுக்கு ரெண்டு மடங்கு சொல்றேன், வேர்வையோட நாள் பூரா சீட்லயே உக்காராதீங்க, நடுநடுவுல எறங்கி நில்லுங்க. அந்த இடத்து முடியை எடுக்க ரேஸர் வேணவே வேணாம். ஆபரேஷனுக்கு அப்புறம் ரேஸர் போட்டவங்களுக்குத்தான் அதிகமா திரும்ப வந்திருக்கு. லேசர் பரவாயில்ல.

செலவுக்குப் பயந்துதான் பல பேர் ஆன்லைன்ல ஆபரேஷன் பேக்கேஜ் தேடுறாங்க. கிளினிக் கெசிஹாத்தான்ல, அதாவது அரசாங்க கிளினிக்ல, டாக்டரைப் பாக்க மலேசியக் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்டு மக்களே, ஒரே ஒரு ரிங்கிட்டு! தே தாரிக் கூட அந்த விலைக்குக் கிடைக்காது. போய்க் காட்டுங்க, தேவைப்பட்டா ஸ்பெஷலிஸ்டுக்கு லெட்டர் தருவாங்க.

ஆ, முக்கியமானது விட்டுப்போச்சு. திடீர்னு வீங்கி, உக்கார முடியாம, காய்ச்சலும் வந்தா அன்னிக்கே போயிடுங்க. சீழ் கட்டிட்டா மாத்திரை மட்டும் பத்தாது, நடுக்கோட்டை விட்டுக் கொஞ்சம் பக்கவாட்டுல கீறி வடிக்கணும். மிச்ச வைத்தியத்தைப் புண்ணு அடங்குனப்புறம் பேசிக்கலாம்.