வெர்சாய் பார்த்தாச்சு, அடுத்து எங்க? பாரிஸ்ல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வர அரண்மனைகள்

அடுத்த கேள்வி. பாரிஸ் பக்கத்துல இருக்கற ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. "அப்பா அம்மா ஜூன் மாசம் ஊர்ல இருந்து வராங்க. வெர்சாய் போன தடவையே காட்டிட்டோம். காலைல கிளம்பி ராத்திரிக்குள்ள வீடு வந்து சேர்ற மாதிரி வேற அரண்மனை எது போகலாம்? ஒரே நாள்ல ரெண்டு பார்க்க முடியுமா? உள்ள சுத்திப் பார்த்தா போதுமா, தோட்டத்துக்கும் நேரம் ஒதுக்கணுமா?"

கடைசிக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கறேன்ங்க. அதுக்குப் பதில் கிடைச்சா மத்ததெல்லாம் தானா தெளிவாயிடும்.

தோட்டத்துக்குக் கண்டிப்பா நேரம் ஒதுக்கணும். சொல்லப்போனா பாதி நாள் ஒதுக்கணும். நம்ம ஆளுங்க நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, டிக்கெட் வாங்கி உள்ள போய், தங்கமும் சரவிளக்கும் பார்த்து, ஜன்னல் வழியா தோட்டத்தை ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. அந்தக் காலத்துல இதையெல்லாம் கட்டினவங்க அரண்மனையையும் தோட்டத்தையும் தனித்தனியா யோசிக்கல. ரெண்டுக்கும் ஒரே பிளான்தான். அரண்மனையோட நடு ஹால்ல நின்னா கண்ணு எங்க போகணும், படி இறங்கினதும் என்ன தெரியணும், என்ன தெரியக் கூடாது, எல்லாமே கணக்குப் போட்டு வச்சிருக்காங்க.

இதை நேர்ல புரிஞ்சுக்கணும்னா வோ-லெ-விகோந்த் போங்க. பாரிஸ்ல இருந்து தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர், மெலன் ஊர் பக்கம். பதினான்காம் லூயியோட நிதி மந்திரி நிக்கோலா ஃபூக்கே கட்டினது. கட்டடம் லூயி லெ வோ, ஓவியம் அலங்காரம் எல்லாம் ஷார்ல் லெ ப்ரன், தோட்டம் ஆந்த்ரே லெ நோத்ர். மூணு பேரும் சேர்ந்து செஞ்ச வேலை.

அரண்மனையோட பின்பக்கப் படியில நின்னு பாருங்க. தோட்டம் மொத்தமும் ஒரே பார்வையில தெரியற மாதிரி இருக்கும். பூப்பாத்தி, அதுக்கப்புறம் குளம், குளத்தை ஒட்டினாப்ல குகை மாதிரி வளைவு வச்ச ஒரு சுவர், அதுக்கு மேல புல்மேடு, உச்சியில தங்க நிறத்துல ஹெர்குலிஸ் சிலை. பத்து நிமிஷத்துல போய் வந்துடலாம்னு தோணும். நடக்க ஆரம்பிங்க. வட்டக் குளம் தாண்டி, கடைசியில இருக்கற பெரிய சதுரக் குளமும் தாண்டினா, தரை சட்டுனு கீழ இறங்கும். அங்க குறுக்க ஒரு கால்வாய் ஓடுது, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம்! படியில இருந்து பார்த்தப்போ அது கண்ணுலயே படல. குளத்துக்குப் பக்கத்துல இருக்குன்னு நினைச்ச அந்தக் குகைச் சுவர், கால்வாய்க்கு அந்தக் கரையில நிக்குது. தரையை எங்க தாழ்த்தணும், தூரத்துல இருக்கற குளத்தை எவ்வளவு பெருசா வெட்டினா அது கிட்ட இருக்கற மாதிரி தெரியும்னு லெ நோத்ர் அளந்து அளந்து வச்சிருக்கார். காத்து இல்லாத நாளா இருந்தா அந்தச் சதுரக் குளத்துக்கிட்ட நின்னு திரும்பிப் பாருங்க. அவ்வளவு தூரத்துல இருக்கற அரண்மனை தண்ணிக்குள்ள தெரியும். ஜன்னல் வழியா பார்த்துட்டுப் போறவங்களுக்கு இது எதுவுமே கிடைக்காது. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இந்த அரண்மனைக்கு ஒரு கதை இருக்கு, அப்பா அம்மாவுக்குச் சொல்லுங்க, கேட்டுட்டு நடந்தா சுவாரசியமா இருக்கும். 1661 ஆகஸ்ட் 17, ஃபூக்கே ராஜாவைக் கூப்பிட்டு இங்க பெரிய விருந்து வச்சார். நாடகம், வாணவேடிக்கைன்னு அமர்க்களம். மூணு வாரம்கூட ஆகல, செப்டம்பர் 5-ஆம் தேதி, ராஜாவோட பிறந்தநாள் அன்னிக்கே, நாந்த் ஊர்ல வச்சு ஃபூக்கேயைக் கைது பண்ணிட்டாங்க. விருந்தைப் பார்த்து ராஜாவுக்குப் பொறாமை வந்துடுச்சுன்னு சொல்லுவாங்க. ஆனா கைது பண்றதுன்னு அதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சு, ராஜாகிட்ட இருந்த இன்னொரு அதிகாரி, ஃபூக்கேயோட போட்டியாளர் கோல்பேர், அதுக்கான வேலையை ஆரம்பிச்சிருந்தார். கோர்ட்டு நாடு கடத்தச் சொல்லித்தான் தீர்ப்பு கொடுத்துச்சு. ராஜா அதை ஆயுள் தண்டனையா மாத்தினார். 1680-ல சிறையிலயே செத்துப் போனார் மனுஷன். அந்த மூணு கலைஞர்களும் அப்புறம் ராஜாவுக்காக வெர்சாய்ல வேலை செஞ்சாங்க. நீங்க வெர்சாய் ஏற்கெனவே பார்த்தாச்சு இல்லையா, அதோட முதல் வடிவத்தை இங்க பார்க்கப் போறீங்க.

போற வழி: பாரிஸ்ல கார் து லெஸ்த் ஸ்டேஷன்ல P லைன் ட்ரெயின் பிடிச்சு வெர்நாய்-லெதாங்ல இறங்கினா, அரண்மனைக்கு ஷட்டில் பஸ் இருக்கு. திறந்திருக்கற நாள்ல மட்டும், குறிப்பிட்ட ட்ரெயினுக்குத்தான் வரும். அதனால முதல்ல பஸ் டைம் பார்த்துட்டு அப்புறம் ட்ரெயினை முடிவு பண்ணுங்க. இது தனியார் சொத்து, நுழைவு டிக்கெட் வாங்கணும். குளிர்காலத்துல பெரும்பாலும் மூடியிருக்கும், கிறிஸ்துமஸ் சமயம் தனியா திறப்பாங்க. கோடையில சனிக்கிழமை சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏத்துவாங்க, ரொம்ப அழகு. ஆனா ராத்திரி திரும்பி வர கார் இருந்தா வசதி.

இப்ப உங்க அப்பா அம்மாவுக்கு நடக்கறது சிரமம்னா, வோ வேண்டாம், ஃபோந்தேன்ப்ளோ போங்க. வோல ஹெர்குலிஸ் வரைக்கும் போய் வரணும்னா சரளைக்கல் பாதையில ரொம்ப தூரம், மேடு வேற. ஃபோந்தேன்ப்ளோல பார்க்க வேண்டியது எல்லாம் அரண்மனையைச் சுத்தியே இருக்கு. கார் து லியோன் ஸ்டேஷன்ல இருந்து R லைன், 40 நிமிஷம், ஸ்டேஷன்ல இறங்கினா அரண்மனைக்கு பஸ். பாரிஸ் பகுதி பஸ், ட்ரெயினுக்கு எடுக்கற நவிகோ பாஸே போதும். தோட்டத்துக்கும் பூங்காவுக்கும் கட்டணமே கிடையாது, உள்ள போகத்தான் டிக்கெட். 18 வயசுக்குக் கீழ இருந்தா அதுவும் இல்ல. செவ்வாய்க்கிழமை அரண்மனை லீவு, அதை மட்டும் மறந்துடாதீங்க.

உள்ள முதலாம் ஃபிரான்சுவா ராஜா கட்டின காலரி, நெப்போலியனோட சிம்மாசன அறை, ரெண்டையும் விடாதீங்க. முன் முற்றத்துல குதிரை லாட வடிவத்துல ஒரு படிக்கட்டு இருக்கும். 1814 ஏப்ரல் 20, பதவி இழந்த நெப்போலியன் தன்னோட காவல் படைகிட்ட விடை வாங்கினது அந்த முற்றத்துலதான். குழந்தைங்க கூட வந்தா தியான் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நடுவுல வேட்டை தேவதை சிலை, கீழ நாலு வெண்கல நாய் உக்காந்து ஒண்ணுக்குப் போயிட்டிருக்கும், அதுதான் நீரூற்று! பசங்க அந்த இடத்தை விட்டு வரவே மாட்டாங்க. கட்டுச்சோறு கொண்டு போறவங்க தோட்டத்துக்குள்ள பிரிக்காதீங்க, கால்வாய் இருக்கற பூங்கா பக்கம் போய் உக்காந்து நிம்மதியா சாப்பிடலாம்.

ஒரே நாள்ல ரெண்டு வேண்டாம். வோவும் ஃபோந்தேன்ப்ளோவும் மேப்ல பக்கத்துல தெரியும், கார் வச்சிருந்தா ஓட்டிடலாம்னு தோணும். ஓட்டலாம், ஆனா ரெண்டுலயும் தோட்டம் போயிடும். வயசானவங்களை அவசரப்படுத்தி இழுத்துட்டுப் போறதுல என்னங்க இருக்கு?

மழை நாளா அமைஞ்சா மட்டும் ஷாந்தியி அரண்மனை. அங்க ஓவியத் தொகுப்பு அவ்வளவு பெருசு, ரஃபேல் வரைஞ்சதே 3 இருக்கு. அரண்மனையோட சொந்தக்காரர் ஓமால் பிரபு 1886-ல அதை நன்கொடையா எழுதிக் கொடுத்தப்போ போட்ட நிபந்தனைப்படி, படங்களை அவர் மாட்டின வரிசையிலயே வச்சிருக்காங்க, வெளிய கடன் கொடுக்கறதும் இல்ல. அதனால அங்க போனாதான் பார்க்க முடியும். கார் து நோர் ஸ்டேஷன்ல இருந்து ட்ரெயின்ல 25 நிமிஷம்தான், ஆனா அது பாரிஸைச் சுத்தி இருக்கற இல்-து-ஃபிரான்ஸ் மாகாண எல்லைக்கு வெளிய இருக்கு. நவிகோ செல்லாது, ஏறும் முன்னாடி தனி டிக்கெட் எடுத்துடுங்க.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.