சோதனை மறந்துவிடும், கைப்பேசி மறக்காது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் தனிமனிதர் ஒருவர் இன்னொருவருக்குத் துப்பாக்கியை விற்கும்போது, வாங்குபவருக்குச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டுமா, அல்லது அது அந்தரங்கத்தில் கைவைப்பதாகுமா என்பது இன்றைய வழக்கு. சோதனை வந்தால் பெயர் அரசுப் பட்டியலில் ஏறும், பட்டியல் வந்தால் பின்னாலேயே பறிமுதலும் வரும் என்று எதிரணித் தலைவர் நம்மை அச்சுறுத்திவிட்டு அமர்ந்திருக்கிறார். அந்தரங்கம் முக்கியம் என்பதில் அவருக்கும் எனக்கும் சண்டையே இல்லை. அதைக் காப்பது சோதனைதான் என்பதே என் வாதம்.

உரிமம் பெற்ற கடையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டத்தின்படி 1998 நவம்பரில் தொடங்கிய சோதனை அமைப்பைக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ நடத்துகிறது. வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்புவார். கடைக்காரர் எஃப்பிஐயிடமோ, சில மாநிலங்களில் மாநில அமைப்பிடமோ கேட்பார். விற்கலாம், பொறுத்திருங்கள், விற்கக் கூடாது என்ற மூன்றில் ஒரு பதில் வரும். விற்கக் கூடாது என்று வந்தாலும் ஏன் என்ற காரணத்தைக் கடைக்காரருக்குச் சொல்வதில்லை. அனுமதி கிடைத்துவிட்டால், வாங்கியவரை அடையாளம் காட்டும் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசு தன் அமைப்பிலிருந்து அழித்துவிட வேண்டும். துப்பாக்கி உரிமையாளர்களுக்கென்று கூட்டாட்சி அரசு பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

படிவம் மட்டும் கடையிலேயே தங்குகிறது என்று எதிரணி சொன்னது உண்மைதான். 2022 முதல் அதை அழிக்கவும் முடியாது. ஆனால் கடையை மூடினால் அந்தத் தாள்கள் போய்ச் சேரும் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் மையத்தில் கூட, ஒருவரின் பெயரைத் தட்டி அவர் என்னென்ன வாங்கினார் என்று தேட வழியில்லை. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு, உற்பத்தியாளர், மொத்த வணிகர், கடைக்காரர் என்று படிப்படியாக வந்து, ஊழியர்கள் படமெடுத்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் முதலில் வாங்கியவரைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்த 21ஆம் நூற்றாண்டில் இவ்வளவு வேண்டுமென்றே மந்தமாக வைக்கப்பட்ட அரசு அலுவலகம் வேறொன்று இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இனித் தனியார் விற்பனைக்கு வருவோம். கலிபோர்னியா, கொலராடோ, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் தனியார் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கூட்டாட்சிச் சட்டம் அப்படிக் கேட்பதில்லை. துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கத் தக்க காரணம் இருந்தோ விற்கக் கூடாது என்று மட்டும் அது சொல்கிறது. தெரிந்துகொள்வதற்கான வழியை விற்பவரின் கையில் கொடுத்திருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. எஃப்பிஐயின் அமைப்பை அவர் நேரடியாக அணுக முடியாது.

ஆகவே நேர்மையான விற்பனையாளர் என்ன செய்கிறார்? இணையத்தில் விளம்பரம் போட்டு, ஒரு வணிக வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாத ஒருவரைச் சந்திக்கிறார். துப்பாக்கி நாளை எங்கேயாவது குற்றத்தில் சிக்கினால், காவல்துறை முதலில் தட்டப் போவது தன் வீட்டுக் கதவைத்தான் என்பது அவருக்குத் தெரியும். அந்த அச்சத்தில், வாங்க வந்தவரின் ஓட்டுநர் உரிமத்தைக் காரின் முகப்பில் வைத்துத் தன் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்கிறார். ஒரு விற்பனைச் சீட்டிலும் கையெழுத்து வாங்குகிறார். பெயர், வீட்டு முகவரி, பிறந்த தேதி, முகம், அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற செய்தி, இவ்வளவும் அந்நியர் ஒருவரின் கைப்பேசியில் ஏறி, அங்கிருந்து இணையவழி மேகச் சேமிப்புக்கும் போய்விடுகிறது. அதை 24 மணி நேரத்தில் அழி என்று சொல்லக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. இதுதான் எதிரணி காக்க விரும்பும் அந்தரங்கமா? வாடகைக்கு வீடு கேட்டால் சம்பளச் சீட்டு முதல் கடன் வரலாறு வரை முணுமுணுக்காமல் நீட்டுகிறோம். அங்கே கூட அதை வாங்குவது முகவரி தெரிந்த ஒரு நிறுவனம்.

எதிரணி இரண்டு கசிவுகளைக் காட்டியது. 2012 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் இரு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி அனுமதி பெற்றவர்களின் பெயரையும் முகவரியையும் ஒரு நாளிதழ் வரைபடமாகவே வெளியிட்டது. 2022 ஜூனில் கலிபோர்னியா நீதித்துறையின் இணையதளத்திலிருந்து ஏறத்தாழ 1,92,000 பேரின் விவரங்கள் வெளியே வந்தன. இரண்டும் கண்டிக்கத்தக்கவை, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் இரண்டிலும் வெளியானவை மாநிலங்களும் மாவட்டங்களும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் அனுமதிப் பட்டியல்கள். ஒரு நாளில் மறக்கும்படி அமைக்கப்பட்ட எஃப்பிஐ சோதனையிலிருந்து கசிந்தவை அல்ல.

சோதனையில்லாத விற்பனைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? 2019 ஆகஸ்ட் 31 அன்று டெக்சஸின் மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் 7 பேரைச் சுட்டுக் கொன்றவர், 2014இல் கடையில் துப்பாக்கி வாங்க முயன்று சோதனையில் மறுக்கப்பட்டவர்தான். பின்னர் அவருக்குத் துப்பாக்கி கிடைத்தது தனியார் விற்பனையில், எந்தச் சோதனையும் இல்லாமல்.

பட்டியல் பற்றிய அச்சம்தான் உண்மையான தடை என்றால், அதற்கான பதில் 2013லேயே மேசைக்கு வந்துவிட்டது. செனட்டர்கள் மேன்சினும் டூமியும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் கொண்டுவந்த திருத்தம் துப்பாக்கிக் கண்காட்சி விற்பனைக்கும் இணைய விற்பனைக்கும் சோதனையைக் கேட்டது. அதே கையோடு, அந்தத் தகவலைக் கொண்டு பதிவேடு உருவாக்கும் அதிகாரிக்கு 15 ஆண்டு வரை சிறை என்றும் எழுதியது. 54 பேர் ஆதரித்தும், தேவைப்பட்ட 60 வாக்குகள் கிடைக்காமல் அது தோற்றது. அதே ஆண்டில் ஓக்லஹோமாவின் குடியரசுக் கட்சி செனட்டர் டாம் கோபர்ன், துப்பாக்கி உரிமையின் பக்கம் நின்றவர், வாங்குபவரே இணையவழியில் தன்னைச் சோதித்துக்கொண்டு, அந்தச் சான்றை விற்பவரிடம் காட்டும் வழியொன்றை முன்வைத்தார். அதுவும் சட்டமாகவில்லை. சிறைத் தண்டனையோடு வந்த தடையும் வேண்டாம், கடைக்காரரே இல்லாத சோதனையும் வேண்டாம் என்றால், எந்தச் சோதனைதான் எதிரணிக்குச் சம்மதம்? அடுத்துப் பேச வரும் நண்பர் அதற்கு மட்டும் விடை சொல்லட்டும், நடுவர் அவர்களே.