நவாப் வாங்கிய கடனும் நாம் வாங்கிய வசதியும்

நடுவர் அவர்களுக்கும், வெயில் இறங்கியதும் கோட்டை மைதானத்துக்கு வந்து இடம் பிடித்த வேலூர் மக்களுக்கும் வணக்கம். "உலகத் தொழில்நுட்பம் நமக்குத் தந்தது விடுதலையா, புது அடிமைத்தனமா?" என்பது தலைப்பு. அடிமைத்தனமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா நன்றாகவே பேசினார். கொல்கத்தாவிலிருந்து காட்பாடியில் வந்து இறங்கும் நோயாளிக்குத் தமிழ் தெரியாது, ஆட்டோக்காரருக்கு வங்காளம் தெரியாது, நடுவில் நின்று பேசுவது போன்தான் என்றார். உண்மை. எல்லோரும் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, போனில் வசதி இல்லையென்று எங்கள் அணியில் யார் சொன்னது? அந்த வசதியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறோம்.

இதற்கு நான் கலிபோர்னியா வரை போக வேண்டாம். ராணிப்பேட்டைப் பக்கத்திலேயே ஆற்காடு. 1751-இல் ராபர்ட் கிளைவ் சில நூறு பேரோடு அந்தக் கோட்டைக்குள் புகுந்தபோது நாட்டைப் பிடிக்க வந்தேன் என்றா சொன்னார்? நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட முகமது அலிக்குத் துணையாக வந்தேன் என்றார். முகமது அலியும் நவாப் ஆனார். சொந்தப் படையை நம்பாமல் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை நம்பினார். காவலுக்குப் பணம் தர வேண்டுமே, கையில் இல்லை. கும்பினியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களே தனிப்பட்ட முறையில் அதிக வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஈடாக எழுதி வாங்கியது எதை? நம் ஊர் உழவன் கட்டிய நிலவரியை! அந்தக் கணக்கு எவ்வளவு நாறியதென்றால், 1785-இல் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஆற்காட்டு நவாப் கடனைப் பற்றியே ஒரு நீண்ட உரை ஆற்றினார். 1801-இல் முகமது அலியின் வழிவந்த நவாப்போடு ஒப்பந்தம் ஆனது. நிர்வாகம் முழுக்கக் கும்பினிக்கு. நவாப்புக்குப் பட்டமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். பட்டத்தில் யாரும் கை வைக்கவில்லை, கவனியுங்கள்.

சரி, பழைய கதை என்பார்கள். 2025 ஜூலைக்கு வாருங்கள். குஜராத்தில் வாடினார் என்ற ஊரில் நயாரா எனர்ஜியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. நாட்டின் சுத்திகரிப்புத் திறனில் ஏறக்குறைய 8 சதவீதம் அங்கேதான். ரஷ்யாவின் எண்ணெய் நிறுவனமான ராஸ்நெஃப்ட்டுக்கு அதில் கிட்டத்தட்டப் பாதிப் பங்கு. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. இந்தியா போடவில்லை. ஆனாலும் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்துக்குச் சேவையை நிறுத்தியது. ஊழியர்களுக்கு மின்னஞ்சல் இல்லை, கூடிப் பேசும் டீம்ஸ் செயலி இல்லை. காசு கொடுத்து உரிமம் வாங்கியவர்கள் ஐயா! டெல்லி உயர் நீதிமன்றப் படியேறிய பிறகு, சில நாட்களில் எல்லாம் திரும்பி வந்தது. "ஐரோப்பாவில் சட்டம் அப்படி, கம்பெனி என்ன செய்யும்?" என்று எதிரணி நண்பர் முணுமுணுப்பது கேட்கிறது. அதைத்தானே நானும் சொல்கிறேன்? ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் போடும் கையெழுத்து குஜராத்தில் மின்னஞ்சலை அணைக்கிறது.

யூபிஐ நம் சொந்தச் சரக்கு என்று மார்தட்டினார்கள். மறுக்கவில்லை. ஆனால் அதில் நடக்கும் பரிவர்த்தனைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இரண்டே செயலிகள் வழியாகப் போகின்றன. ஒன்று கூகுள் பே. இன்னொன்று போன்பே, அதன் பெரும்பங்கு அமெரிக்க வால்மார்ட்டிடம். எந்தச் செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று யூபிஐயை நடத்துகிறவர்களே 2020-இல் அறிவித்தார்கள். கெடுவைத் தள்ளித் தள்ளி 2026 கடைசிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்யாணப் பந்தி நம் வீட்டுடையது, கரண்டி மட்டும் அடுத்தவர் கையில்!

விதியை மாற்றும்போதாவது கேட்பார்களா? 2021-இல் வாட்ஸ்அப் தகவல் பகிர்வுக்குப் புது நிபந்தனைகளைக் கொண்டுவந்தது. அதற்காக 2024 நவம்பரில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் நம் போட்டி ஆணையம் 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 1806-இல் தலைப்பாகையை மாற்று என்று உத்தரவிட்டவர்களும் சிப்பாய்களைக் கேட்கவில்லை. ஜூலை 10 அன்று என்ன ஆனது என்று இதோ இந்தச் சுவரைக் கேளுங்கள்.

எங்கள் அணியில் பேசிய தம்பி கென்யாவைச் சொன்னான். சாட்ஜிபிடிக்காக அசிங்கமான எழுத்துகளைப் படித்துக் குறியிட்ட நைரோபிக்காரர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலி என்று 2023-இல் டைம் இதழ் எழுதியது. அழுக்கை அள்ளியவருக்கு அது. பலன் சாட்ஜிபிடி கம்பெனி இருக்கும் சான்பிரான்சிஸ்கோவில்.

நான் ஒரு லாட்ஜைச் சொல்கிறேன். சிஎம்சி மருத்துவமனைப் பக்கத்துச் சந்தில் நண்பர் ஒருவர் நடத்துகிறார். முன்பெல்லாம் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கும். வந்தவர் பெயர், ஊர், என்ன வைத்தியம், எத்தனை நாள் தங்கல், எல்லாம் கட்டம் போட்டு எழுதுவார். எந்த மாதம் அசாம்காரர் அதிகம் வருவார், எப்போது அறை காலியாகக் கிடக்கும் என்று அதைப் புரட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். இப்போது பாதிப் பேருக்கு மேல் ஆப் வழியாக வருகிறார்கள். போன வருஷக் கணக்கைக் கேட்டேன். போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு புக்கிங் மட்டும்தாம்பா காட்டுது" என்றார். தள்ளுபடி தர மாட்டேன் என்றால் அவர் லாட்ஜ் பட்டியலில் எங்கோ கீழே போய்விடும். கட்டடம் அவருடையது, வீட்டுவரியும் அவர்தான் கட்டுகிறார்.

போனைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்களா என்பார்கள். இல்லை. 2016 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று சில தளங்களை மட்டும் இலவசம் காட்டியபோது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முடியாது என்று கதவைச் சாத்தியது. இணையம் நின்றா போனது? அப்போது ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனிய எதிர்ப்பால்தான் இந்தியாவுக்குப் பொருளாதாரப் பேரழிவு என்று ட்விட்டரில் எழுதினார், அப்புறம் மன்னிப்பும் கேட்டார். ஆக, காலனியப் பேச்சை இழுத்தது நாங்கள் இல்லை, நடுவர் அவர்களே! மத்திய அரசு ஊழியர் மின்னஞ்சலே இன்று நம்மூர் ஜோஹோ தளத்துக்கு வந்துவிட்டது. பயம் இல்லையென்றால் ஏன் வெளிநாட்டுக் கம்பெனியிடம் கொடுக்கவில்லை?

அடுத்து எதிரணித் தலைவர் வருகிறார். நன்றாகச் சிரிக்க வைப்பார், தெரியும். அதற்கு முன் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். நயாராவுக்கு டெல்லியில் வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. ஒரு நாள் காலையில் என் லாட்ஜ் நண்பரின் கணக்கு திறக்காவிட்டால், அவர் எந்த வாசலில் போய் நிற்பார்? அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.